ஆடாதவர்களின் மைக்

சாரு சர்மாவுக்கு என்ன தொழில் என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வராது. 2003 உலகக் கோப்பையை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அவர் கிரிக்கெட் நிகழ்ச்சித் தொகுப்பாளர். வினாடி வினா மேடைகளில் பார்த்தவர்களுக்கு கேள்வி கேட்கிறவர். சில மாதங்கள் ஐ.பி.எல். அணி ஒன்றின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்கிறார். புரோ கபடி லீகைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 2022 பிப்ரவரி 12, சனிக்கிழமை பிற்பகலில் இந்தப் பட்டியலில் ஏலக்காரர் என்பதும் சேர்ந்துகொண்டது.

அன்று பெங்களூரு ரெசிடென்சி சாலையின் ஐ.டி.சி. கார்டேனியா ஹோட்டலில் ஐ.பி.எல். மெகா ஏலம். பத்து அணிகள், இரண்டு நாள். முடிவில் 204 வீரர்கள் கைமாறினார்கள், 551 கோடியே 70 லட்சம் ரூபாய் செலவானது. முதல் நாள் மதியம் இலங்கையின் வனிந்து ஹசரங்காவுக்கான விலை 10.75 கோடியில் வந்து நின்றபோது, ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஹியூ எட்மீட்ஸ் மேடையிலிருந்து சரிந்து விழுந்தார். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மேஜைகளில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றதை நாடே பார்த்தது. ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கியதுதான் காரணம், ஆபத்து ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரியவந்தது. ஆனால் அன்றைக்கு அவரால் மறுபடி நிற்க முடியாது. உணவு இடைவேளை விட்டார்கள்.

அந்த இடைவேளையில் ஐ.பி.எல். தலைவர் பிரிஜேஷ் படேல் ஒரு போன் செய்தார். பெங்களூரிலேயே இருக்கிற சாரு சர்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். விதிகளை விளக்கக் கிடைத்த நேரமே கொஞ்சம்தான். மேடையேறினார். ஹசரங்காவை அதே 10.75 கோடிக்கு பெங்களூரு அணிக்கே கொடுத்து ஏலத்தைத் தொடர்ந்தார்.

எட்மீட்ஸ், கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் பல்லாண்டு காலம் கலைப்பொருட்களை ஏலம் விட்டுப் பழகியவர். சாரு சர்மாவுக்கு ஏலம் தெரியாது. அது தெரியவும் செய்தது. கலீல் அகமதின் முறை வந்தபோது, யார் சொன்ன தொகை எது என்பதில் குழப்பம் நேர்ந்தது, 5.25 கோடி சொன்னது மும்பையா டெல்லியா என்று பிற்பாடு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனாலும் இரண்டாம் நாள் முடிவில், உடல் தேறிய எட்மீட்ஸ் வந்து கடைசிச் சுற்றை முடித்துவைத்தபோது, அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று சாருவுக்காகவும் கை தட்டியது. அந்தக் கைதட்டல் ஏலம் விட்ட திறமைக்குக் கிடைத்ததல்ல. கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சி நடுவில் நின்றுபோகாமல், ஒருவர் வந்து நின்று வாய் திறந்ததற்குக் கிடைத்தது.

டி.வி. விளையாட்டுத் தொகுப்பாளரின் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது அவர் தேவையில்லை. ஆட்டம் நிற்கும்போதுதான் வேண்டும். டாஸுக்கு முன்னால், இன்னிங்ஸுக்கு நடுவில், மழை வந்தால், விளக்கு அணைந்தால், பரிசளிப்பு மேடை தயாராகும்வரை. காதில் மாட்டிய கருவிக்குள் ஒரு தயாரிப்பாளர் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டே வருவார். வாய் அதைக் காட்டிக்கொள்ளாமல் பேசி, சரியாகப் பூச்சியத்தில் வாக்கியத்தை முடித்து விளம்பரத்துக்கு வழிவிட வேண்டும். சில நேரம் முப்பது விநாடி என்று சொல்லிவிட்டு, இருபதாவது விநாடியில் இன்னும் மூன்று நிமிடம் இழு என்பார்கள். எதிரே இருக்கிற முன்னாள் வீரருக்கு அந்தக் குரல் கேட்காமலும் இருக்கலாம். அவர் பாட்டுக்கு 1983 கதையை ஆரம்பிப்பார். அதை நோகாமல் அறுக்கவும் தெரிய வேண்டும்.

கிரிக்கெட் அடிப்படையில் இடைவெளிகளால் ஆன விளையாட்டு. பந்து கையிலிருந்து புறப்பட்டு ஆட்டம் முடங்கும்வரை சில விநாடிகள். மற்றதெல்லாம் நடப்பது, துடைப்பது, களத்தை மாற்றுவது. ரேடியோக்காரர்கள் இந்த இடைவெளியில்தான் குடியிருந்தார்கள். ஆனால் அது யாருக்கும் பிழைப்பாக இருந்ததில்லை. ஆங்கில வர்ணனையில் புகழ்பெற்ற நரோத்தம் புரி, காது மூக்கு தொண்டை மருத்துவர். இந்தி வர்ணனைக்காக 2016-இல் பத்மஸ்ரீ வாங்கிய சுஷில் தோஷி, பொறியாளர். தமிழில் அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் சேப்பாக்கத்திலிருந்து பேசியதை இன்றைக்கும் குரலோடு திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குரல்களின் உரிமையாளர்கள் வர்ணனையை நம்பி உலை வைத்தவர்கள் அல்லர். ஆகாசவாணி கூப்பிடும், போவார்கள். கூப்பிடாவிட்டால் அவரவர் வேலை இருந்தது. இது ஒரு குறை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது ஒரு பாதுகாப்பு என்று தோன்றுகிறது. நாளைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் இல்லாத குரலுக்கு ஒரு தளர்வு உண்டு.

அதைத் தொழிலாக்கியது டி.வி. அதற்கும் முன்னால், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. ஆட்டத்தைக் காட்டுவதற்கு வாரியம்தான் பணம் கட்ட வேண்டும் என்று தூர்தர்ஷன் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1993-இல் ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததில் சண்டை மூண்டு, 1995 பிப்ரவரி 9-இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல என்றது. அதன் பிறகு வந்த தனியார் சேனல்களுக்கு முகம் வேண்டியிருந்தது. ஆடாமலே முகமாக ஆனவர்கள் அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில்தான் உருவானார்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்த ஹர்ஷா போக்ளே. சாரு சர்மா. இன்னும் சிலர்.

2003-இல் செட் மேக்ஸ் சேனல் உலகக் கோப்பையை வாங்கியபோது அந்த இடைவெளியையே தனி நிகழ்ச்சியாக்கியது. அதுதான் ‘எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்’. சாருவும் மந்திரா பேடியும் நடத்தினார்கள். மந்திராவின் உடையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய பக்கங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் வரும். அவர் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருந்த முன்னாள் வீரர்கள் கண்டுகொள்ளாமல் தங்களுக்குத் தோன்றியதைப் பேசிக்கொண்டு போவார்கள் என்பதை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சாருவுக்கு அந்த அவமானம் நேரவில்லை. ஆணாக இருந்தார், ஆங்கிலம் சரளம், அஜ்மீர் மேயோ கல்லூரி. ஆனால் அவரும் ஆடாதவர்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அது.

சாரு இந்த நாற்காலியை விட்டு எழுந்து, ஆட்டத்தின் உள்ளே போய்ப் பார்த்த கதைதான் அடுத்தது. 2008-இல் விஜய் மல்லையா 11 கோடியே 16 லட்சம் டாலருக்கு பெங்களூரு அணியை வாங்கினார். தலைமை நிர்வாகி, சாரு சர்மா. ஐ.பி.எல்.லின் முதல் ஆட்டமே சின்னசாமி ஸ்டேடியத்தில். ஏப்ரல் 18. பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் 158 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், கொல்கத்தா 222. பதிலுக்கு திராவிட், காலிஸ், ஜாஃபர், இருபது வயதுகூட நிரம்பாத கோலி எல்லாரும் இருந்த பெங்களூரு 82-க்குச் சுருண்டது. உதிரி ரன்கள் 19. அதை மட்டையால் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. அதிகபட்சம் பிரவீன் குமாரின் 18. இந்த ஊரில் கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் அந்த ராத்திரி மனப்பாடம்.

அணி தொடர்ந்து தோற்றது. மே மாதம் பிறந்த சில நாட்களிலேயே சாருவின் பதவி போயிற்று, சீசன் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை. அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை திராவிடிடமும் சாருவிடமும் விட்டுவிட்டுத் தான் ஒதுங்கியிருந்தது தவறு என்று மல்லையா வெளிப்படையாகவே பேசினார். முதலாளி அப்படிப் பேசிய பிறகு, போனவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்று ஆராய்வதில் பொருளில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் இந்தியாவுக்காக 21 டெஸ்ட் ஆடியவர், கர்நாடக கிரிக்கெட் சங்கத்தை ஆண்டவர். பெயர், பிரிஜேஷ் படேல்.

ஆம், பதினான்கு வருடம் கழித்து போன் செய்த அதே படேல்தான்.

இதில் நாடகம் தேட வேண்டாம். பெங்களூரின் கிரிக்கெட் வட்டாரம் சின்னது. கப்பன் பார்க்கைச் சுற்றி ஒரு மைலுக்குள் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆனாலும் ஒன்று யோசிக்க வைக்கிறது. 2008-இல் அந்த நாற்காலிக்கு ஆடியவர் வேண்டியிருந்தது. 2022-இல் அந்த மேடைக்கு ஆடியவர் யாரும் உதவவில்லை. கார்டேனியா அரங்கில் அன்று ஆடியவர்களுக்குப் பஞ்சமா? பத்து மேஜைகளிலும் பயிற்சியாளர், ஆலோசகர் என்று உலகக் கிரிக்கெட்டின் பாதிப் பெயர்கள் உட்கார்ந்திருந்தன. அவர்களெல்லாம் ஏதாவதொரு மேஜைக்குச் சொந்தமானவர்கள். எந்த மேஜைக்கும் சொந்தமில்லாத ஒருவர்தான் நடுவில் நிற்க முடியும்.

பதவி போன பிறகு சாரு என்ன செய்தார் என்பது எனக்கு 2008-ஐ விட முக்கியம். மைக்குக்கே திரும்பினார். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளின் ஒளிபரப்பை மயந்தி லாங்கருடன் சேர்ந்து தொகுத்து வழங்கினார். அதுவும் போதாதென்று ஒரு விளையாட்டையே டி.வி.க்காக எடுத்துக் கட்டினார். 2006 தோஹா ஆசியப் போட்டிகளில் வர்ணனைக்குப் போனபோது கபடியைப் பார்த்து மனதில் விழுந்த எண்ணம் என்பார்கள். உறவினரான ஆனந்த் மகிந்திராவுடன் சேர்ந்து மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 2014 ஜூலை 26-இல் மும்பையில் புரோ கபடியின் முதல் ஆட்டம். எட்டு அணிகள், பெங்களூரு புல்ஸ் அவற்றில் ஒன்று. முதல் சீசனைப் பார்த்தவர்கள் 43.5 கோடிப் பேர் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த ஆண்டு ஐ.பி.எல்.லுக்கு அடுத்த எண்ணிக்கை அதுதான். 2015-இல் ஸ்டார் நிறுவனம் மஷாலின் 74 சதவீதத்தை வாங்கிக்கொண்டது.

கபடி நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன! மண்ணில் முழங்கால் தேய ஆடியதைச் செயற்கை விரிப்பில் ஏற்றி, விளக்குப் போட்டு, ஒவ்வொரு ரெய்டுக்கும் முப்பது விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, மூன்று பேருக்குள் நின்று பிடித்தால் கூடுதல் புள்ளி என்று ஆசை காட்டியதில்தான் டி.வி.யின் மூளை இருக்கிறது. இந்த மூளை யாருடையது என்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். வாழ்நாளெல்லாம் கிரிக்கெட்டின் இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தவர் தேடிப் பிடித்த விளையாட்டில் இடைவெளியே இல்லை. நாற்பது நிமிடம், முப்பது முப்பது விநாடியாக நறுக்கப்பட்டிருக்கிறது. தொகுப்பாளர் தும்முவதற்குள் ஒரு ரெய்டு முடிந்துவிடும். தன்னைப் போன்றவர்கள் தேவைப்படாத ஒரு நிகழ்ச்சியை அவர் உருவாக்கினாரா, அல்லது இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தவர் என்பதால்தான் அதை அடைத்தாரா? இரண்டும் சரியாக இருக்கலாம்.

கார்டேனியாவில் அவர் சுத்தியலைப் பிடித்த அதே பிப்ரவரியில், இதே பெங்களூரின் ஒயிட்ஃபீல்டில் ஷெரட்டன் ஹோட்டலுக்குள் புரோ கபடியின் எட்டாவது சீசன் நடந்துகொண்டிருந்தது. கொரோனா காலம், பார்வையாளர் இல்லை, பன்னிரண்டு அணிகளும் ஒரே கூரைக்குள். 2021 டிசம்பர் 22-இல் தொடங்கி, பிப்ரவரி 25-இல் டெல்லி 37-36 என்று பாட்னாவை ஒரே புள்ளியில் வென்று முடிந்தது. ஊரின் ஒரு ஹோட்டலில் அவர் கண்ட கனவு காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு ஹோட்டலில் அடுத்தவரின் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

காமன்வெல்த்தில் அவருடன் இருந்த மயந்திக்கு வருகிறேன். டெல்லியில் படித்தவர், ஜீ ஸ்போர்ட்ஸில் கால்பந்து நிகழ்ச்சிகளில் தொடங்கியவர், 2011 உலகக் கோப்பையிலிருந்து கிரிக்கெட்டின் நிரந்தர முகங்களில் ஒன்று. பெங்களூருக்கு அவர் மருமகள். 2012-இல் ஸ்டூவர்ட் பின்னியை மணந்தார். மாமனார் ரோஜர் பின்னி, 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்து யாரையும்விட அதிகம் வீழ்த்தியவர்.

2014-இல் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக ஸ்டூவர்ட் 4 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். 2023 வரை ஒரு நாள் ஆட்டங்களில் இந்தியர் ஒருவரின் மிகச் சிறந்த பந்துவீச்சு அதுதான். அந்த நாளைக்காக யாரும் மயந்திக்குப் பாராட்டு அனுப்பியதாக நினைவில்லை. 2016 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் லாடர்ஹில்லில் ஒரே ஓவரில் ஸ்டூவர்ட் 32 ரன் கொடுத்தார். எவின் லூயிஸ் ஐந்து சிக்ஸர் அடித்தார். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. இன்னொரு பெங்களூருக்காரரான கே.எல். ராகுல் எடுத்த 110 அதோடு மறைந்துபோனது. அன்றைக்கு ட்விட்டரில் கூட்டம் தேடிப்போய் ஏசியது மயந்தியை. ஒரு ஓவரின் ரன் கணக்கு மனைவியின் பெயரில் எழுதப்பட்டது. 2020 ஐ.பி.எல்.லில் அவர் திரையில் இல்லாதபோது, வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மறுபடியும் புரளி. ஆறு வாரக் குழந்தை இருக்கிறது என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் ரோஜர் பின்னி கிரிக்கெட் வாரியத் தலைவரானார். அடுத்த மாதமே, மருமகள் வேலை பார்க்கும் சேனல் வாரியத்தின் உரிமையை வாங்கியிருக்கிறது, இது நலன் முரண் ஆகாதா என்று ஒரு புகார். வாரியத்தின் நெறிமுறை அதிகாரி வினீத் சரண் மாமனாருக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

விதியின்படி கேட்க வேண்டிய கேள்விதான் அது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு வருடம் தயாரிப்போடு வந்து உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் பழைய ஸ்கோரையெல்லாம் நினைவில் வைத்துக் கேள்வி கேட்டுச் சம்பாதித்த பெயர், புருஷன் வீசிய பந்தாலும் மாமனார் ஏறிய நாற்காலியாலும் ஆட்டம் காண்கிறதே, அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவர் ஆடியிருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும். மனைவி, மகன், மருமகன் என்று உறவுகள் இல்லாத முன்னாள் வீரர் எந்த வர்ணனைப் பெட்டியில் இருக்கிறார்?

ஹர்ஷா போக்ளே விஷயத்திலும் பெங்களூருக்கு ஒரு பங்கு உண்டு. 2016 மார்ச் 23, சின்னசாமியில் டி20 உலகக் கோப்பை, இந்தியாவும் வங்கதேசமும். கடைசி மூன்று பந்தில் வங்கதேசத்துக்கு இரண்டே ரன் தேவை. முஷ்பிகுரும் மஹ்முதுல்லாவும் அடுத்தடுத்த பந்துகளில் தூக்கி அடித்து அவுட். கடைசிப் பந்தில் ஒரு கையுறையைக் கழற்றிவைத்துக் காத்திருந்த தோனி ஓடிவந்து ஸ்டம்பைத் தட்டினார். ஒரு ரன் வெற்றி. இரவெல்லாம் எம்.ஜி. சாலையில் ஹாரன் சத்தம். அந்த ஆட்டத்தை ஒட்டி அமிதாப் பச்சன் ட்விட்டரில் ஒரு குறை சொன்னார்: இந்திய வர்ணனையாளர் ஒருவர் நம் வீரர்களைவிட அடுத்தவர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறார் என்று. பெயர் சொல்லவில்லை. தோனி அதை எடுத்துப் போட்டு, சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றார். உலகத்துக்கே போகிற ஒளிபரப்பில் இரண்டு பக்கமும் பேசித்தான் ஆக வேண்டும் என்று ஹர்ஷா பொறுமையாக விளக்கம் எழுதினார். ஏப்ரலில், ஐ.பி.எல். தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது, அவர் வரவேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. தனக்கே தெரியாது என்று அவரும் எழுதினார். ட்வீட்டுக்கும் நீக்கத்துக்கும் தொடர்பு இருந்ததா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஒரு வர்ணனையாளருக்கு வேலை போனதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. பிற்பாடு திரும்ப வந்தார். திரும்ப வந்ததற்கும் காரணம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, இதை ஒரு தொழிற்பாதை என்று எடுத்துக்கொண்டு, இந்தப் படிப்பு, இந்தப் பயிற்சி, இத்தனை வருடத்தில் இந்த இடம் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பெங்களூரில் ஊடகப் படிப்புக்குக் குறைவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி ஸ்டூடியோ இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் நிற்பதையும் குரலைப் பக்குவப்படுத்துவதையும் சொல்லித்தர முடியும். முதலாளி, வாரியம், நட்சத்திர வீரர், ட்விட்டர் கூட்டம் ஆகிய நான்கில் எது எப்போது கதவைச் சாத்தும் என்பதற்குப் பாடத்திட்டம் போட முடியாது.

பணத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் ஐ.பி.எல்.லின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. 410 ஆட்டங்கள் என்று வைத்து விலை போட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்கு 118 கோடி. அந்த விலைக்கு வாங்கிய இடைவெளியில் முகம் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் பழக்க எந்த சேனலுக்கு மனம் வரும்? ஓய்வுபெற்ற வீரர் வரும்போதே ரசிகர்களோடு வருகிறார். சேனலுக்கு அது மிச்சம். அதனால் தொகுப்பாளரின் கேள்வி வருடத்துக்கு வருடம் குறுகி, நான்கு முன்னாள் வீரர்களுக்கு நடுவில் பேச்சைக் கைமாற்றிவிடுகிற வேலையாகச் சுருங்கிவருகிறது.

ஒரு கதவு மட்டும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. மொழி. 2017-இல் ஸ்டார் தமிழுக்கு விளையாட்டுச் சேனல் தொடங்கியது, அடுத்த ஆண்டு கன்னடத்துக்கும். 2023-இல் ஜியோ சினிமா ஐ.பி.எல்.லைப் பன்னிரண்டு மொழிகளில் கொடுத்தது, போஜ்பூரி உட்பட. இங்கேயும் ஆடியவர்களே முன்னால் வந்தார்கள். கன்னடத்தில் விஜய் பாரத்வாஜ். 1999-இல் நைரோபியில் ஆடிய முதல் தொடரிலேயே தொடர் நாயகன் ஆனவர். தமிழில் ஸ்ரீகாந்த், சடகோபன் ரமேஷ், பத்ரிநாத், ஹேமங் பதானி. ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில், விஜய் டி.வி. மேடைகளிலிருந்து வந்த பாவனா இருந்தார். பண்பலையிலிருந்து வந்த ஆர்.ஜே. பாலாஜி இருந்தார், அவர் பேச்சை ரசித்தவர்களும் டி.வி.யின் சத்தத்தை அடைத்தவர்களும் சம அளவில் இருந்தார்கள். நான் சில நாள் முதல் கட்சி, சில நாள் இரண்டாம் கட்சி. சத்தத்தை அடைத்த நாட்களில் ஒன்று கவனித்தேன்: பந்துக்கும் பந்துக்கும் நடுவிலுள்ள நேரம் நினைப்பதைவிட நீளம். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்றிருக்கும்.

இந்த மொழி வர்ணனையாளர்களில் பெரும்பாலோர் ஸ்டேடியத்துக்கே போவதில்லை என்பது பார்ப்பவர்கள் பலருக்குத் தெரியாது. மும்பை ஸ்டூடியோவில் உட்கார்ந்து, நாம் பார்க்கும் அதே படத்தை நமக்கு ஒரு கணம் முன்னால் பார்த்துப் பேசுகிறார்கள். சின்னசாமியில் மேகம் கூடுவதை, கப்பன் பார்க் பக்கத்திலிருந்து காற்று மாறுவதை, எந்த ஸ்டாண்டில் சண்டை என்பதை கேமரா காட்டினால்தான் அவர்களுக்கும் தெரியும். ராமமூர்த்தி சேப்பாக்கத்தில் உட்கார்ந்து கடற்காற்று வருகிறது என்று சொன்னபோது அவர் முகத்தில் அது பட்டுக்கொண்டிருந்தது. இப்போது பேசுகிறவர் மீது படுவது ஏ.சி.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திருவிழாவை ஒட்டி ராத்திரி கபடி நடக்கும். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் ஆடுவார்கள். ஆம்னி வேனில் மைக் செட் கட்டியிருப்பார்கள். ஒருவர் கையில் அந்த மைக் இருக்கும். பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், அல்லது கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவராக. ஸ்கோரைச் சொல்வார். ரெய்டு போகிறவன் யார் வீட்டுப் பையன் என்று சொல்வார். இன்னார் ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு என்பார். குழந்தை ஒன்று மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வந்து கூட்டிச் செல்லவும் என்பார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தொண்டையைத் திறந்து கூட்டத்தைக் கலையாமல் நிறுத்திவைப்பார். இப்போது யாராவது ஒரு பையன் செல்போனைக் கம்பத்தில் கட்டி யூடியூபில் நேரலையும் விடுகிறான்; ஓசூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பார்க்கிறார்கள், கமெண்டேட்டர் யார் என்று கேட்கிறார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஆட்டம் என்றால் அவரையே கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவருக்கு ஆடிட் இருந்தால் வேறு யாராவது மைக்கை எடுத்துக்கொள்வார்கள்.